மலைச்சரக்கு சேரும் கரை

தாம் பாடுபட்டு விளைவித்த பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்பதை ஒருமுறையேனும் கண்ணால் காணும் பாக்கியம் உழைப்பவர்களுக்கு வாய்க்க வேண்டாமா என்ற கேள்வி, நானும் என் மனைவியும் கொச்சித் துறைமுகத்தில் நாள் முழுவதும் நடந்து திரிந்தபோது என்னுள் எழுந்தது; இன்றளவும் அது நீங்கவில்லை. விடியுமுன்னரே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் நம் பக்கத்துப் பெண்கள், அந்தி சாய வீடு திரும்புகிறார்கள். அவர்கள் பறித்த காய் உலர்ந்து, விலைபேசப்பட்டு, கப்பலேறும் கரையை அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? என் மனைவியும் போடியில் ஏலக்காய் தரம் பிரித்தவள்தான்.

உண்மையில் கொச்சி நமக்கு அந்நிய ஸ்தலமன்று. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளமே பழைய முசிறித் துறையைத் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சிக்குக் கடல்வாய் திறந்துவிட்டதென்று சரித்திரக்காரர்கள் கூறுவார்கள். அதே பெரியாற்றுத் தண்ணீரைத்தான், பென்னிகுயிக் கட்டிய அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே, 1895 முதல் நம் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் பாய்ச்சி வருகிறோம். அந்த முசிறியில் ஏற்றிய சரக்கு செங்கடல் தாண்டி, ஒட்டக முதுகிலும் நைல்நதிப் படகிலும் பிரயாணம் செய்து, மத்தியதரைக் கடலோரத்து அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த விதமும், அங்கே அதில் நாலிலொரு பங்கு சுங்கமாகப் போன விவரமும், வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாபிரஸ் ஏடு ஒன்றிலிருந்து தெரிய வருகின்றன. சரக்கைச் சுமந்த கப்பலின் பெயர்கூட அதில் நிலைத்திருக்கிறது. இக்கரையில் அதைத் தேடிச் சேர்த்துத் துறைக்குக் கொண்டுவந்த ஒருவர் பெயரேனும் இல்லை.

1524இல் கொச்சியில் மாண்ட வாஸ்கோடகாமாவின் கல்லறை, 1539இல் எலும்புகள் போர்ச்சுகலுக்குப் போனபின் வெறுமையாகக் கிடப்பதைப் பிரான்சிஸ் தேவாலயத்தில் பார்த்துவிட்டு விரைவில் வெளியே வந்தோம். சீன வலைகளருகேதான் வெகுநேரம் நின்றோம். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, அதில் வரிசையாகக் கட்டிய கற்கள் ஒவ்வொன்றாய்க் கீழிறங்க, அத்தனை பெரிய வலை நீரைவிட்டு மெல்ல எழும்புவதை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

மட்டாஞ்சேரியில், 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்துக்குப் போகும் தெருவில், ஒரு கடை வாசலில் குவித்திருந்த ஏலக்காயில் ஒன்றை அவள் எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் உருட்டி, காம்போரம் நகத்தால் கீறி, கறுத்துப் பிசுபிசுத்த விதையை முகர்ந்து பார்த்து, “ஏங்க, இது நம்ம மலைக் காய்தான்” என்றாள். கடைக்காரர் வியப்போடு, வண்டன்மேட்டிலிருந்து வந்த சரக்கென்று ஒப்புக்கொண்டு அவளுக்கு முக்காலி எடுத்துப் போட்டார். இருவேறு பாஷைகளும் கலந்து வர்த்தகப் பேச்சு வளர்ந்தது. பெருங்காயெல்லாம் அரபு நாட்டுக்குப் போகிறதென்று அவர் சொன்னதும், அங்கே காப்பியில் முழுசாகப் போடுவார்களா, இடித்துப் போடுவார்களா, பச்சை நிறம் குறைந்ததை வாங்குவார்களா, எத்தனை நாள் மணம் நிற்குமென்று எதிர்பார்ப்பார்கள் என்று அவள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். யூதர் ஆலயம் அடைக்கும் நேரம் நெருங்கியதை அறிந்தும், இத்தனை வருஷமாக அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை என்பதால், நான் அவளை எழுப்பவில்லை.