தகுதி முதலா, உரிமை முதலா?

சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே வெண்ணிறத்தில் ஓங்கி நிற்கிறது ரிப்பன் மாளிகை. 1913-இல் திறக்கப்பட்ட அம்மாளிகைக்குப் பெயரளித்தவர் ஓர் ஆங்கிலச் சீமான். சாமான்யச் சீமானல்ல! 1827-இல், தந்தை இங்கிலாந்தின் பிரதமராய் வீற்றிருந்த வேளையில், பிரதமரின் இல்லத்திலேயே பிறந்தவர். அரசாங்கமே தொட்டிலாட்டிய பிள்ளைக்குச் சாமான்யனின் வாக்குரிமை பற்றி என்ன கவலை?

இருந்தது கவலை. 1852-இல், மக்களாட்சியை ஆதரித்து ஒரு சிறு நூல் தீட்டினார் அவர். உடனிருந்த கிறிஸ்தவ சமதர்ம வட்டத்தின் தலைவரே அஞ்சி அதனை முடக்கினார். லிபரல் கட்சி 1880-இல் அவரை வைசிராயாக அனுப்பியது. இந்திய மொழி ஏடுகளின் வாயைக் கட்டிய 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1882-இல் நீக்கினார். அவ்வாண்டு மே திங்களில் தல சுயாட்சித் தீர்மானத்தையும் வெளியிட்டார்.

அதிகாரிகள் முகஞ்சுளித்தனர். “மக்கள் பக்குவப்படவில்லையே, நிர்வாகம் சீர்கெடுமே!” என்றனர். ரிப்பன் தந்த விடைதான் நம் சிந்தனைக்குரியது. நிர்வாகம் உடனே சிறக்கும் என்பதற்காக அல்ல, மக்கள் அரசியல் பயில வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்றார் அவர். நீந்தத் தெரிந்தபின் ஆற்றில் இறங்கு என்பவன், நீந்தக் கற்பிக்க விரும்பாதவன் அல்லவா?

எனினும், ஆற்றில் இறங்கியோர் எத்தனை பேர்? 1884-இல் சென்னை மாகாணத்தில் நகராட்சிச் சட்டமும் உள்ளாட்சி மன்றச் சட்டமும் வந்தன. வரி கட்டும் வசதியுடையோர்க்கே வாக்கு. பணப்பையைத் தகுதியென்று எழுதிக்கொண்டனர்! இந்திய நீதிபதி வெள்ளையரை விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதாவிலும், ஐரோப்பியரின் கூச்சலுக்கு இடங்கொடுத்து, பாதிப்பேர் வெள்ளையராயுள்ள ஜூரியைக் கேட்கும் உரிமையை அவர்கட்கு வழங்கி முடித்தார் ரிப்பன். நல்லவர்தான், ஆனால் நன்மை செய்யும் பிரபு, தன் வகுப்பார் அனுமதிக்கும் எல்லைவரைதான் நடக்கிறார்.

அந்நாளில் சேலம் மாவட்டத்திலிருந்த திருப்பத்தூருக்கு வருவோம். மேலே ஜவ்வாது மலை. புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு ஆகிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், எந்த வைசிராயிடமும் பாடங்கேளாமலே, ஊர்க்கூட்டம் கூட்டி வழக்குத் தீர்த்தவர்கள். ‘பக்குவமில்லை’ என்ற பேச்சுக்கு அவர்களே பதில். ஆனால் அங்கும் தலைமை ஆண்களுக்கு, அதுவும் பரம்பரையாக! அந்தக் கதவை அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-இல் தட்டியது. 2016-இல் தமிழகம் உள்ளாட்சி இடங்களிற் பாதியைப் பெண்களுக்கென ஒதுக்கியது. உடனே எழும் குரலைக் கேளுங்கள்: “அவளுக்கு என்ன தெரியும்? கணவன் சொல்லுமிடத்தில் கையெழுத்திடுவாள்!” 1882-இல் வெள்ளை அதிகாரி இந்தியனைப் பார்த்துச் சொன்னதை, இந்தியன் இன்று தன் மனைவியைப் பார்த்துச் சொல்கிறான்.

இன்னொன்றும் உண்டு. பழங்குடியினரின் கிராம சபைக்கு நிலத்தின்மீதும் காட்டு விளைபொருளின்மீதும் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கே பொருந்தும். தமிழகத்தில் அத்தகைய பகுதியென ஒன்றேனும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே அந்தச் சட்டம் ஜவ்வாது மலை ஏறவேயில்லை.