வாசல்படி வரை

மஃரிப் தொழுகை முடிகிற நேரத்தில் நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றின் வாசலில் இதைப் பார்க்கலாம். இடுப்பில் குழந்தையோடு நாலைந்து பெண்கள் நிற்பார்கள். நெற்றியில் குங்குமம், தலையில் முந்தானை. குழந்தை ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது, எதையோ பார்த்துப் பயந்திருக்கும் போல. தொழுதுவிட்டு வருகிறவர் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே குனிந்து, உதடு மட்டும் அசைய எதையோ ஓதி, குழந்தையின் நெற்றியில் ஊதிவிடுவார். சிலர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். மூடியைத் திறந்து அதிலும் ஓதித் தருவார். பெரும்பாலும் காசு கைமாறுவதில்லை.

அவர் ஓதியது என்ன என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்களாக இருக்கலாம். இரண்டுமே தீங்கிலிருந்து இறைவனிடம் பாதுகாப்புத் தேடுபவை. அவளுடைய குலதெய்வம் எது என்று அவரும் கேட்பதில்லை. நாளைக்கு இதே குழந்தை மாரியம்மன் கோயிலில் விபூதியும் வாங்கிக்கொள்ளும். டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப் வீட்டில் இருக்கவே இருக்கிறது.

‘எல்லா மதமும் ஒன்றுதான்’ என்று மேடையில் பேசுகிறார்களே, அதில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அடுத்தவர் தமக்கென்று போற்றி வைத்திருப்பதை, ‘அட, இது எங்களிடமும் இருக்கிறதே’ என்று ஒரே வார்த்தையில் கடந்து போவதும் அதில் கொஞ்சம் இருக்கிறது. வாசலில் நிற்கும் பெண் அப்படி நினைப்பதில்லை. அது வேறு வீடு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு படிக்கு வெளியே நிற்கிறாள். வேறு என்று தெரிந்தும் நம்பி வருகிறாளே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நாகூரிலும் அப்படித்தான். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில் ஐந்து மினாராக்கள். அவற்றில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்து மன்னர்; கட்டிக்கொடுத்த பிறகும் இந்துவாகவே இருந்தார். இன்றைக்கும் அங்கே மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு வெளியே வருகிறவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள். கண்ணுக்கு, காலுக்கு, வீட்டுக்கு என்று தகட்டில் உருவம் வாங்கிக் காணிக்கை செலுத்துகிறார்கள். நாகப்பட்டினத்தைத் தாண்டித் தெற்கே போனால் வேளாங்கண்ணி மாதா கோயிலிலும் இதே மொட்டை, இதே காணிக்கை. நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் விடக் கூடாது என்ற பயம் மட்டும் மூன்று மதத்துக்காரர்களுக்கும் பொது!

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தர்காவுக்குப் போவதும், ஊதிப் பார்ப்பதும், நேர்ந்துகொள்வதும் கூடாது, கேட்பதை இறைவனிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கடுமையானவர்கள் என்று நாம் ஓரங்கட்டிவிடுகிறோம். நமக்கு வசதியாக இருக்கும் முஸ்லிமை மட்டும் நல்லவர் என்பது எந்த ஊர் நியாயம்? ஓதிவிட மறுக்கிறவரும் தம் நம்பிக்கைக்கு உண்மையாக இருந்துதான் மறுக்கிறார். அந்த மறுப்பையும் மனத்தாங்கல் இல்லாமல் ஏற்றுக்கொள்ளப் பழகினால்தான் புரிதல் என்ற பேச்சுக்கே பொருள்.

மறுக்கிறவர் வீட்டுக் கதவு அதனால் சாத்திக்கொள்வதும் இல்லை. ரமலான் மாதத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் அண்டாவிலிருந்து நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் என்று வாசனை தெருமுனை வரை வரும். தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் பையன்களில் பாதிப் பேர் நோன்பு வைத்தவர்கள் இல்லை. எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. கரண்டி பிடிக்கிறவர் தர்கா பக்கமே போகாதவராக இருக்கலாம். வாளி நிரம்பியதா என்பதுதான் அவர் கவலை. வீட்டில் ஆள் அதிகம் என்று பையன் சொன்னால் இன்னொரு கரண்டி விழும்.