மணவிலக்கு எளிதாதல் நன்றோ?

தாராவி, மாதுங்கா, செம்பூர் வாழ் தமிழ்க் குடும்பங்களில் கணவன் மனைவிப் பிணக்கு முற்றினால், பலர் முதலில் நாடுவது நீதிமன்றத்தையன்று, ஊர்ப் பெரியவர்களையே. அவர்கள் இயன்றமட்டும் சேர்த்து வைப்பர். இயலாவிடில் தாளில் எழுதிக் கையொப்பம் பெற்றுத் தீர்த்து விடுவர். ஒரு மாலைப் பொழுதில் முடியும் காரியம் அது. பாந்திராக் குடும்ப நீதிமன்றத்திலோ, ஒருவர் இசையாவிடில், ஆண்டுகள் பல செல்லக்கூடும். ஆகவே மணவிலக்கு எளிதாக வேண்டுமா என்பது நமக்கு வெறும் ஏட்டு வினா அன்று.

"அறுத்துக் கட்டும் சாதி" என்று நம் முன்னோரை இகழ்ந்தோர் உண்டு. பொருந்தா மணத்தினின்று நீங்கி மறுமணம் புரிதல் அவர்களுக்கு இழிவாய்த் தோன்றிற்று. அவ்விழிவை நாடே பின்னர் உரிமையென ஏற்றது. டாக்டர் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பில் மணவிலக்கைச் சேர்த்தார். அது நிறைவேறாமையையும் ஒரு காரணமாகக் கூறி 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அவ்வுரிமையை வழங்கிற்று. பௌத்தராகிய நம்மையும் அச்சட்டம் கட்டுப்படுத்தும்.

புத்த பெருமான் சிங்காலனுக்கு உரைத்த அறவுரையில் கணவனுக்கு ஐந்து, மனைவிக்கு ஐந்து எனக் கடமைகள் வகுத்தார். இல்லறம் இருபுறக் கடமையால் நிற்பது. கடமை மாண்டபின் கட்டு மட்டும் எஞ்சுமாயின் அது துக்கமன்றி வேறென்ன? பௌத்தர் வாழும் இலங்கையில் 1952-ஆம் ஆண்டின் கண்டியர் திருமணச் சட்டம், இருவரும் இசைந்தால் மாவட்டப் பதிவாளர் முன்னிலையிலேயே மணம் நீங்க இடமளித்தது.

எனினும், "எளிதாக்கினால் ஆடவன் மனைவியைக் கைவிட்டு ஓடுவானே" என்போர் அச்சம் பொய்யன்று. ஆனால் அந்த ஆபத்து பெரியவர்கள் எழுதும் தாளிலேயே மிகுதி. வழக்கப்படியான மணவிலக்கைச் சட்டம் ஏற்கிறதாயினும், அவ்வழக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. மெய்ப்பிக்க இயலாவிடில் மறுமணம் செல்லாது. சாதியைத் துறந்த நாம், எந்தச் சாதியின் வழக்கத்தைச் சான்று காட்டுவோம்?

இசைந்து பிரிவோர்க்கு 1976-இல் சட்டம் வழி திறந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். ஒரே கூரையின் கீழிருப்பினும் கணவன் மனைவியாக வாழாதிருப்பதே பிரிவு என 1991-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. ஓர் அறையே வீடாகிய தாராவிக்கு இது பெருந்துணை. மனுவிற்குப் பின் காக்கும் ஆறு மாதத்தையும் தக்க வழக்கில் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பளித்தது. மீளாது முறிந்த மணத்தைத் தன் தனியதிகாரத்தால் நீக்கலாம் என்று 2023-இல் அம்மன்றமே கூறிற்று. அவ்வதிகாரம் தில்லியில் இருக்கிறது. நாட்கூலி இழந்து பாந்திராவுக்கே செல்ல இயலாதவள் தில்லிக்கு எவ்வாறு செல்வாள்? இதனைச் சட்டமாக்கக் கோரிய சட்ட ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது 1978-இல்.

ஆகவே நாம் கூறுவது இது. மணவிலக்கு எளிதாதல் நன்றே. ஆனால் பிரிபவருள் எளியவர் தெருவில் நிற்கலாகாது. பெரியவர்கள் கையொப்பம் வாங்குமுன் ஜீவனாம்சம், குழந்தைகள், குடியிருக்கும் அறை ஆகிய மூன்றையும் முடிவு செய்க. பின் அத்தாளோடு நில்லாது, இருவரையும் நீதிமன்றத்தில் கூட்டு மனுச் செய்யச் சொல்க. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. சேர்த்து வைப்பதில் காட்டும் கருணையைப் பிரித்து வைப்பதிலும் காட்டுவதே அறம்.