எனக்கு வராது என்று சொல்லாதே!

'தியானமா? நமக்கெல்லாம் வராது சார். மனசு ஒரு நிமிஷம் நிக்காது!' எத்தனை பேர் வாயால் கேட்டாயிற்று! மனம் நின்றால்தான் தியானம் என்று உன்னிடம் யார் சொன்னது? ஓடாத மனம் படைத்த ஒருவரைக் காட்டு, பார்ப்போம்!

குறை உன் மனத்தில் இல்லை, நண்பா. எந்த முறைக்கு எவ்விதமான முயற்சி என்று அறியாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு மனத்தோடு மல்லுக்கு நிற்கிறாயே, அதுதான் சிக்கல்.

மகரிஷி மகேஷ் யோகி உலகெங்கும் பரப்பிய ஆழ்நிலை தியானத்தைப் பார். நாளுக்கு இரு வேளை, வேளைக்கு 20 நிமிடம். உள்ளே மந்திரம் ஓடும். நடுவே கரண்ட் பில், மகளின் பரீட்சை, நேற்றைய சண்டை எல்லாம் வரும். வரட்டுமே! மந்திரம் நழுவியது தெரிந்ததும் மெல்ல அதற்கே திரும்பு. பல்லைக் கடிக்காதே, வந்த எண்ணத்தை விசாரிக்காதே. வலிந்து செய்யாதிருப்பதே இங்கே சாதனை. எதையும் முட்டி மோதியே பழகிய நமக்கு அதுதான் பெரும்பாடு!

விழிப்புநிலைப் பயிற்சியின் போக்கே வேறு. பர்மாவின் மகாசி சயாதாவ் கற்றுத்தந்த முறையில், வயிறு உப்புவதையும் ஒடுங்குவதையும் கவனிக்க வேண்டும். நினைப்பு குறுக்கிட்டால் 'நினைப்பு, நினைப்பு' என்று அதையே குறித்துக்கொள். முழங்கால் வலித்தால் 'வலி, வலி'. ஜபத்தில் கண்டுகொள்ளாமல் விட்டதை இங்கே நேருக்கு நேர் பார்க்கிறாய். இதற்குச் சளைக்காத விழிப்பு வேண்டும். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979-இல் தொடங்கிய விழிப்புநிலைப் பயிற்சிக்கு நாட்பட்ட வலிக்காரர்கள் வந்தார்கள். தங்களை வாட்டிய வலியையே உற்றுப் பார்க்க உட்கார்ந்தார்கள்! கையும் காலும் சுகமாய் இருக்கிற உனக்கு என்ன தயக்கம்?

இரண்டும் ஒன்றுக்கொன்று பகையும் அல்ல. ஆண்டுக்கணக்கில் ஜபம் செய்தும் நிறைவு காணாத காவ்யகண்ட கணபதி முனி, 1907-இல் திருவண்ணாமலையில் ரமணரிடம் போய், தவம் என்பது எது என்று கேட்டார். மந்திரத்தைச் சொல்லும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனிக்கச் சொன்னார் ரமணர். ஜபமும் கவனமும் ஒரே இருக்கையில்!

என்னைக் கேட்டால், படபடப்பும் பரபரப்புமாய் அலைபவர் மந்திரத்தில் தொடங்கலாம். எதையும் துருவிப் பார்க்கும் சுபாவமுள்ளவருக்கு விழிப்புநிலை ஒத்துவரும். எதுவானாலும் ஒரு மண்டலம் அதையே பிடி. இன்று இது, நாளை அது என்று தாவாதே. நல்ல நாளும் பார்க்காதே. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, இன்று மாலையே உட்கார்!