ஆதனமும் குடியிருப்பும்: ஓர் அறவியல் நோக்கு

பல்கலைக்கழக விடுமுறையிலே கொழும்பு நகரின் ஆதன முதலீட்டு நிறுவனமொன்றிற் பயிற்சி பெறச் செல்லும் மாணவன் முதலிற் கற்பது கணக்கு அன்று. ஒரு புதிய பார்வையையே அவன் கற்கிறான். வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளை அவன் முன்னரும் அறிந்திருப்பான். உறவினர் வீடு, ரியூசன் வகுப்பு, நண்பனின் அறை என்றே அவை அவன் நினைவில் நின்றிருக்கும். இப்பொழுது அதே ஒழுங்கையின் பழைய ஓட்டு வீடு எத்தனை பேர்ச் காணியில் நிற்கிறது, முன்புற அகலம் எவ்வளவு, அவ்விடத்தில் எத்தனை மாடி எழுப்பலாம் என்றவாறே கண்ணுக்குத் தோன்றுகிறது. முற்றத்து மாமரம் கணக்கில் வருவதில்லை. அது நிற்கும் நிலம் வருகிறது.

இப்பார்வையை இழிந்ததெனத் தள்ளிவிடுவது எளிது. நேர்மையான விமரிசனம் ஆகாது. உடன்பிறந்தார் நால்வர் தந்தையின் வீட்டைப் பங்கிடும்போதும், வீதியை அகலிப்பதற்கு அரசு காணியைச் சுவீகரித்து நட்டஈடு வழங்கும்போதும், வங்கி ஈட்டின்பேரிற் கடன் கொடுக்கும்போதும் நடுநிலையான மதிப்பீடு வேண்டும். அஃதில்லாதவிடத்து வாய்வல்லவனே பெரும்பங்கைக் கொண்டுபோவான். அளவுகோலின்றி நீதி நடைபெறாது என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே, அவ்வளவுகோல் எதனை அளக்கத் தவறுகிறது என்ற வினா பொருளுடையதாகிறது.

வருமானத்தைக்கொண்டு விலை காணும் முறை பயிற்சியாளனுக்கு விரைவிற் கற்பிக்கப்படுவது. ஒரு வீட்டின் மாத வாடகை 50,000 ரூபா எனின் ஆண்டு வருமானம் 6 இலட்சம். முதலீட்டாளர் நூற்றுக்கு 5 வீத வருவாயை எதிர்பார்ப்பாராயின் அவ்வீட்டின் விலை 1 கோடியே 20 இலட்சம். அதே வீட்டிலே பழைய வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற ஒருவர் மாதம் 200 ரூபா கொடுத்துக் குடியிருக்கிறார் எனக் கொள்ளலாம். ஆண்டு வருமானம் 2,400. அதே வீதப்படி விலை 48,000 ரூபாதான். இவை விளக்கத்துக்காகக் கொண்ட எண்களே. வரி, பழுதுபார்த்தல் முதலியன இங்கு விடப்பட்டுள்ளன. ஆயினும் சுவர் அதுவே, கூரை அதுவே, காணியும் அதுவே. வேறுபாடு உள்ளே இருப்பவர் யாரென்பதில் மட்டுமே உள்ளது. சந்தை வாடகை செலுத்துபவர் ஏட்டில் வரவாகிறார். செலுத்த இயலாது சட்டத்தின் நிழலில் இருப்பவர் கழிவாகிறார். அவர் வெளியேறிவிட்டால் அக்கழிவு அப்படியே இலாபமாக மாறிவிடுகிறது.

ஒரு பொருளுக்கு இருவகைப் பயன் உண்டென்று அரிஸ்டோட்டில் செருப்பை எடுத்துக்காட்டி விளக்கினார். அணிவது ஒன்று, மாற்றாகக் கொடுப்பது மற்றொன்று. பின்னையதும் பயனே, ஆனால் செருப்பு செய்யப்பட்டது அதற்காக அன்று. 1785இல் வெளிவந்த அறவியல் நூலில் இம்மானுவேல் கான்ற் விலையையும் மாண்பையும் வேறுபடுத்தினார். ஈடு வைக்கக்கூடியதற்கு விலையும் ஈடற்றதற்கு மாண்பும் உரியன என்றார். வீட்டுக்கு விலை, மனிதனுக்கு மாண்பு என்று இதனைப் பங்கிட்டுவிட்டாற் சிக்கல் தீர்ந்துவிடும் போலத் தோன்றும். தீர்வதில்லை. ஏனெனிற் குடியிருப்பவருக்கு எவரும் விலை குறிக்கவில்லை. அவர் இல்லாமைக்கே விலை குறிக்கப்படுகிறது. கான்ற் வகுத்த கோட்டை மீறாமலே இதனைச் செய்ய முடிகிறது.

இலங்கையின் சட்டவாக்கம் இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு வரம்பு கட்டியது. குடியிருப்பவரை வெளியேற்றும் காரணங்களைக் குறுக்கியது. அவர் இறந்த பின்னரும் குடும்பத்தினர் தொடர்ந்திருக்க வழிசெய்தது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, ஒருவர் உடைமையாகக் கொள்ளத்தக்க வீடுகளின் தொகைக்கே உச்சவரம்பு விதித்தது; மிகுதியான வீடுகளை அவற்றிற் குடியிருந்தோர் வாங்கவும் இடமளித்தது. இவற்றின் நோக்கம் மேலானது. ஆனால் நிலப்பிரபுவுக்கும், கணவனை இழந்து ஒரேயொரு வீட்டின் வாடகையில் உயிர்வாழ்ந்த முதியவளுக்கும் இடையே வாடகைச் சட்டத்தால் நன்கு வேறுபாடு காண முடியவில்லை. உறைந்துபோன வாடகையிற் கூரையைத் திருத்த எவரும் முன்வாரார். கொட்டாஞ்சேனையின் பழைய வரிசை வீடுகளின் சுவர்களைப் பார்ப்பவர்க்கு இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பின்வந்த திருத்தங்கள் வாடகைச் சட்டத்தின் எல்லையைப் பெரிதும் குறுக்கின.

வீட்டுச் சொத்துக்கு வரம்பு விதித்த அதே 1973இல் மற்றொரு சட்டமும் வந்தது. நிலத்துக்கு உரியவனே அதன்மேல் எழும் கட்டடத்துக்கும் உரியவன் என்பது இந்நாட்டிற் பின்பற்றப்படும் உரோம-டச்சுச் சட்டத்தின் பழைய விதி. அவ்விதியின்படி அந்தரத்தில் நிற்கும் நான்காம் மாடி வீட்டுக்குத் தனியுறுதி எழுத இயலாது. தொடர்மாடி உடைமை பற்றிய 11ஆம் இலக்கச் சட்டம் அத்தடையை நீக்கியது. வெள்ளவத்தையின் இன்றைய தோற்றம் பெரும்பாலும் அச்சட்டத்தின் பிள்ளை எனலாம். 1933இல் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்த வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நின்ற நிலத்தில் இப்பொழுது ஹவ்லொக் சிற்றி என்னும் தொடர்மாடித் தொகுதி நிற்கிறது.

ஆனால் சட்டம் மட்டும் கட்டடத்தை எழுப்புவதில்லை. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர் வீடுகள் எரிந்தன. போர் வடக்கையும் கிழக்கையும் விழுங்கியபோது அங்கிருந்து வந்தோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திரண்டனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உழைத்த பிள்ளைகளின் பணம் வந்தது. அற்றோணித் தத்துவத்தின் மூலம் உறுதிகள் முடிக்கப்பட்டன. பயிற்சியாளனின் பாடநூல் இவ்விடத்திற் சற்றுத் திணறும். வாடகை வருவாயைக் கணக்கிட்டு வாங்காத பலர் இருந்தனர். மகளின் சீதனத்துக்காகவும், தாயின் முதுமைக்காகவும், எதுவும் நிகழக்கூடிய நாட்டிலே ஒரு நிலையான முகவரிக்காகவும் அவர்கள் வாங்கினர். முதலீடு என்ற சொல் அச்சத்தையும் உள்ளடக்குமாயின் அதுவும் முதலீடே. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடைசெய்தது. முழு விலையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே அனுப்பப்படுமாயின் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடுகளுக்கு அப்பொழுது விலக்களித்தது. இலங்கைக் குடியுரிமையை இழந்துவிட்ட ஒரு யாழ்ப்பாணத்தவனுக்குத் தாயகத்தில் வீடு வாங்கும் தகுதி, தரையிலிருந்து எத்தனை படி ஏறவேண்டும் என்பதைப் பொறுத்ததாயிற்று.

வீட்டை உடைமையாகக் கொள்ளாது வாடகைக்கு ஒதுங்கியிருந்தோர் நிலை 2007 ஜூன் 7ஆம் நாள் வெளிப்பட்டது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றித் தலைநகருக்கு வெளியே அனுப்பினர். தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்பதே அவர்களுக்கு எதிராகக் கூறப்பட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். குறளின் நிலையாமை அதிகாரத்தில் உடம்பினுள் ஒதுங்கியிருக்கும் உயிரின் இருப்பிடத்துக்குத் துச்சில் என்ற சொல் வருகிறது; தற்காலிகமாக ஒதுங்கும் இடம் என்பது பொருள். தத்துவத்துக்கு எடுத்துக்காட்டாக நின்ற அச்சொல், அன்று காலையிற் பயணப்பையுடன் வீதியில் நின்றோரின் நேரடி வாழ்வாயிற்று.

தக்க காரணமின்றி இருப்பவர் என்று அரசின் ஏடு ஒருவரைக் குறிப்பதும், கழிவு என்று மதிப்பீட்டு ஏடு ஒருவரைக் குறிப்பதும் ஒன்றல்ல. முன்னையது அதிகாரத்தின் வன்செயல். பின்னையதிற் பேரம் உண்டு, இழப்பீடு உண்டு, சிலவேளை குடியிருப்பவரே மகிழ்ந்து பெற்றுக்கொள்ளும் தொகையும் உண்டு. ஆயினும் இரண்டிலும் ஒருவருடைய இருப்பு இன்னொருவரின் வசதியைக் கொண்டே அளக்கப்படுகிறது. முதலாவதின் வேதனையை நன்கு அறிந்த ஒரு சமூகம், தன் கையில் உறுதி வந்த பின்னர் இரண்டாவதை வெறும் வணிக நடைமுறை என்று கொள்வது எளிதாக விளங்கக்கூடியதன்று.

நிலத்தை விற்பது விற்பவன், வாங்குபவன் ஆகிய இருவரின் அலுவல் மட்டுமே என்ற எண்ணமும் தமிழ் மரபுக்கு முழுதும் உடன்பாடானதன்று. 1707இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையின்படி, காணியை விற்க எண்ணுபவன் முதலில் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். அக்காணியை ஈடாகப் பெற்றிருந்த அயற்காணிக்காரருக்கும் அவ்வுரிமை இருந்தது. 1947இல் அதற்கெனத் தனிக் கட்டளைச் சட்டமும் ஆக்கப்பட்டது. இவ்வுரிமை வட மாகாணக் காணிகளுக்கு உரியது, கொழும்புக்கு அன்று. வாடகைக் குடியிருப்பாளரை அது கணக்கில் எடுக்கவுமில்லை. சாதியமைப்பைக் கட்டிக்காக்கவும் அவ்வழக்கம் உதவியிருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் முன்கூட்டி அறிவித்தல் என்னும் கடமை அதில் இருந்தது.

அறிவித்தல் பற்றிய அவ்வினாவே பயிற்சி மாணவன் முன் நடைமுறையில் வந்து நிற்கிறது. நிறுவனத்திற் கடைநிலையில் இருப்பவன் ஆதலால், களத்துக்குச் சென்று அறைகளை அளக்க அனுப்பப்படுபவன் பெரும்பாலும் அவனே. கொட்டாஞ்சேனை வீட்டின் முதியவர் கதிரை கொடுத்து இருத்தித் தேநீர் தருகிறார். தமிழ்ப் பிள்ளை என்று கண்டு ஊரையும் படிப்பையும் விசாரிக்கிறார். பின்னர், வீட்டை விற்கப் போகிறார்களா என்று கேட்கிறார். வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பது அத்தொழிலின் விதி. அவ்விதி அற்பமானதன்று, ஏனெனில் எதிர்த்தரப்பின் கையில் எதிர்பாராது சேர்ந்த ஒரு செய்தி நேர்மையான வணிகத்தையும் குலைத்துவிடும். ஆகவே தன்னாற் கூற இயலாது என்று மாணவன் சொல்லலாம். திருத்த வேலைக்கு அளக்க வந்ததாக அவன் சொல்ல முடியாது. முதற் பதிலில் முதியவர் தமக்கு ஏதோ மறைக்கப்படுகிறது என்பதையாவது அறிந்து, வழக்கறிஞரிடமோ மகனிடமோ போய்க் கேட்கலாம். இரண்டாவதில் அந்த வாய்ப்பும் பறிக்கப்படுகிறது. இவ்வாறு சொல்லும்படி மேலதிகாரி பணித்திருப்பாராயின் மாணவன் இழக்கக்கூடியது ஒரு சான்றிதழும் ஒரு பரிந்துரைக் கடிதமும் ஆகும். வேலை அரிதான நாட்டில் அவை சிறியனவும் அல்ல. அம்முதியவரிடம் அவர் எத்தனை ஆண்டு அங்கிருக்கிறார், எந்த உரிமையின்பேரில் இருக்கிறார், பற்றுச்சீட்டுகள் வைத்திருக்கிறாரா என்று கேட்டு, அவர் கூறியதைக் கூறியவாறே அறிக்கையில் எழுதுவதற்கு மட்டும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.