சிரட்டை கவிழ்த்த இடம்

விடியற்காலை நாலே முக்காலுக்கு எங்கள் முற்றத்தில் ஒரு சத்தம் கேட்கும். சத்தம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பவழமல்லி உதிர்கிறது, அவ்வளவுதான். காய்ந்த பலா இலைமேல் விழுந்தால் காதில் படும். மண்ணில் விழுந்தால் அதுவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். பதினேழைத் தாண்டியதில்லை, அதற்குள் மனம் எங்காவது போய்விடும். ஜபமாலை உருட்டும்போதும் இதே கதைதான்.

திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் ஐந்து சென்ட் இடம். வீடு போக மிச்சம்தான் தோட்டம். திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் நர்சரிக்குப் போய் பெட்டூனியா, டேலியா, சாமந்தி என்று வாங்கி வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிறுத்தினேன். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. பத்தே நாளில் எல்லாம் அழுகிச் சரிந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த பக்கத்து வீட்டுச் சேச்சி சிரிக்கவில்லை. "திருவாதிரை ஞாற்றுவேலை வரட்டே சாரே, ஞான் கொம்பு தராம்" என்றார்.

சூரியன் ஒரு நட்சத்திரத்தில் தங்கும் காலத்தை இங்கே ஞாற்றுவேலை என்பார்கள். ஆண்டுக்கு 27. ஒவ்வொன்றும் 13, 14 நாள். அதில் ஜூன் 22 வாக்கில் தொடங்கும் திருவாதிரைக்குத் தனி மவுசு. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் அந்த இரண்டு வாரத்தில் எந்தக் கொம்பை ஒடித்து நட்டாலும் பிடித்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. வெறும் நம்பிக்கையும் இல்லை. காற்று முழுக்க ஈரமாக இருப்பதால், வேரில்லாத கொம்பு உள்ளிருக்கும் நீரை இழக்காமல் வேர் விடும்வரை தாக்குப்பிடிக்கிறது. போர்த்துகீசியர் மிளகுக்கொடியைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது, கோழிக்கோட்டில் எல்லாரும் பதறினார்களாம். அரசர் சாமூதிரி மட்டும், கொடியைத்தானே கொண்டுபோகிறார்கள், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே என்று சும்மா இருந்துவிட்டாராம். நடந்ததோ, கட்டிய கதையோ, எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நானும் இத்தனை வருஷமாகப் புத்தகத்திலிருந்தும் பிரசங்கத்திலிருந்தும் கொடி கொடியாக அறுத்துக்கொண்டு வந்தவன்தானே. ஒன்றாவது வேர் பிடித்ததா?

சொன்னபடி சேச்சி தந்தார். செம்பருத்தி, நந்தியாவட்டை, தெற்றி (நம்மூர் இட்லிப்பூ), ஒரு பவழமல்லிக் கன்று, பழைய நியூஸ்பேப்பரில் சுற்றி ஒரு மேந்தோன்னிக் கிழங்கு. ஒருமுறை நட்டால் திரும்ப நட வேண்டாதவை. நிலநடுக்கோட்டுக்கு எட்டரை பாகை வடக்கே இருக்கிற ஊர் இது. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். பனி வந்து கருக்காது. ஒரே பருவத்தில் பூத்து, விதை விட்டு, செத்துப்போக வேண்டிய அவசரம் இங்கே செடிகளுக்கு இல்லை.

அவசரம் எனக்குத்தான் இருந்தது. மேந்தோன்னி என்றால் நம் செங்காந்தள்; தமிழ்நாட்டின் மாநிலப் பூ. முதல் வருஷம் வேலிமேல் ஏறி, இலை நுனியையே சுருட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாளுக்கொரு நிறமாகப் பூத்தது. மழைக்காலம் போனதும் கொடி வாடிச் சருகானது. மார்கழி, தை, மாசி. மண்ணில் ஓர் அசைவு இல்லை. செத்துவிட்டது என்று முடிவு கட்டி, பங்குனியில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

கிழங்கு இருந்தது. கலப்பைக் கிழங்கு என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றுதான் பார்த்தேன். கலப்பையின் வளைவு அப்படியே. இரண்டு கையாகப் பிரியும் அந்தக் கிழங்குக்கு முளை இரண்டு நுனியில் மட்டும்தான். நடுவில் எத்தனை சதை இருந்தாலும் நுனி போனால் அந்தக் கை முளைக்காது. ஒரு நுனியை என் மண்வெட்டி கச்சிதமாக நறுக்கியிருந்தது. வெட்டுவாய் வெள்ளை வெளேரென்று ஈரமாக, உயிரோடு இருந்தது. விஷக்கிழங்கு, கையை நன்றாகக் கழுவுங்கள் என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். கழுவினேன். மனசு என்னவோ அந்த வெட்டுவாயிலேயே நின்றது. என் பிரார்த்தனைகள் எத்தனையை இப்படித் தோண்டிப் பார்த்தே கெடுத்தேனோ.

அதற்கப்புறம் தோட்டத்தில் கை வைப்பதைக் குறைத்துக்கொண்டேன். சேச்சி வீட்டில் தென்மேற்கு மூலை சர்ப்பக்காவு, நாகங்களுக்கென்று விட்ட இடம். அங்கே கத்தி நுழையாது. விளக்கு மட்டும் வைப்பார்கள். அதைப் பார்த்து நாங்களும் ஒரு மூலையை அப்படியே விட்டுவிட்டோம். கூப்பிடாமலே தும்பை வந்தது, கீழாநெல்லி வந்தது. தும்பைக்கு இனி கடைக்குப் போக வேண்டாம் என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

பூஜைக்குக் கீழே விழுந்த பூ ஆகாது என்பார்கள். பவழமல்லி மட்டும் விலக்கு. அதைக் கிளையிலிருந்து பறிப்பதுதான் தப்பு. தானாக உதிர்ந்ததைக் குனிந்து பொறுக்க வேண்டும். அந்தியில் விரிந்து விடியுமுன் விழுந்துவிடும் இந்த மரத்துக்கு லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயரில் 'ஆர்பர் டிரிஸ்டிஸ்' என்று வருகிறது. சோக மரம் என்று பொருள். பாவம், அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை. விடியலில் இதன் அடியில் உட்கார்ந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார். காம்பை விரலில் தேய்த்தால் காவி ஒட்டும். அந்தச் சாயத்தில் துணியும் தோய்த்திருக்கிறார்கள். விரலில் ஒட்டியது சோப்பு போட்டால் போய்விடுகிறது என்பது வேறு விஷயம்.

இந்த ஊரே ஒரு மரம் சாய்ந்த இடம்தான். திவாகர முனிவர் என்று சிலரும் வில்வமங்கலம் சுவாமியார் என்று சிலரும் சொல்வார்கள். பிள்ளையாக வந்து ஓடி மறைந்த பெருமாளைத் தேடி அவர் அனந்தன்காட்டுக்கு வந்தார். பெரிய இலுப்பை மரம் ஒன்று விழுந்து, பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளாகத் தெரிந்தது. தலை திருவல்லத்தில், பாதம் திருப்பாப்பூரில். நைவேத்தியத்துக்குக் கையில் ஒன்றும் இல்லை. பக்கத்து மாமரத்திலிருந்து ஒரு மாங்காய், அதை வைக்க ஒரு தேங்காய்ச் சிரட்டை. அங்கே எழுந்த பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் 2011-ல் திறந்தபோது உலகமே பத்மநாபன் பொன்னைப் பற்றிப் பேசியது. சன்னதியில் இன்றும் உப்புமாங்காய் நைவேத்தியம் உண்டு. சிரட்டைக்குத்தான் பொன்கவசம் போட்டுவிட்டார்கள். மாங்காய்க்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெட்டுப்பட்ட கிழங்கை அன்றே அதே குழியில் வைத்து மூடிவிட்டேன். இன்னொரு நுனி முழுசாக இருந்தது. இடம் மறந்து மறுபடி மண்வெட்டி போட்டுவிடக் கூடாதே என்று சமையலறையிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்துவந்து மேலே கவிழ்த்தேன். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. மழை வந்து நாலு நாள் ஆகிறது. இன்று காலை பூ பொறுக்கக் குனிந்தபோது பார்த்தேன், சிரட்டை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அணில் வேலையாகவும் இருக்கலாம். எடுத்துப் பார்க்கவில்லை.