வழிப்போக்கர் வாய்ச்சொல்

அறிவு பெறுதற்குரிய வாயில்கள் நூலும் ஆசிரியனுமே என்பது நம்மவர் துணிபு. அஃது உண்மையே. ஆயினும், முன்பின் அறியாதாரொருவரோடு வழியிற் பேசிய சில வார்த்தைகளால், பன்னாட் கற்றும் விளங்காததொன்று விளங்குதலும் உண்டு. அஃது எவ்வாறு நிகழ்கின்றதென ஆராய்தல், நாள்முழுதும் பேசுதலையே தொழிலாகவுடைய ஆசிரியன்மார்க்கு மிகவும் வேண்டற்பாலது.

அப்பூதியடிகள் சரித்திரத்தை மாணாக்கர்க்கு ஓதுவிப்போர் பலரும், அரவந்தீண்டி இறந்த பிள்ளையைத் திருநாவுக்கரசு நாயனார் எழுப்பிய அற்புதத்தையே விரித்துரைத்து, அதற்கு முன் நிகழ்ந்த உரையாடலை விரைந்து கடப்பர். அதுவன்றோ நாம் நின்று நோக்கத்தக்கது! திங்களூர்த் தண்ணீர்ப்பந்தரிலே தம் பெயரைக் கண்ட நாயனார், அதனை அமைத்தவர் மனையை வினாவிச் சென்று, நும்பெயரை விடுத்து வேறொரு பெயரை இட்டது என்னையென்று கேட்டார். தாம் இன்னாரென்று கூறினாரல்லர். அடிகளோ, அரசன் கொடுமையை வென்று கல்லே மிதவையாகக் கடல் கடந்த பெருமானை அறியாதாரும் உளரோவென வெகுண்டு, நீர் யாவிர், எவ்விடத்தீர் என்றார். சூலைநோயால் ஆட்கொள்ளப்பட்டவன் யானென்று நாயனார் அருளிய பின்னரே, கண்ணீர் வார வீழ்ந்து வணங்கினார். கோபத்தைக் கடிந்தவரென்று சேக்கிழார் பெருமானாற் கூறப்பட்ட அடிகளே ஈண்டு வெகுண்டமை காண்க.

மக்களுக்கும் பசுக்களுக்கும் நிறைகோலுக்கும் அப்பெயரையே இட்டு வழங்கியவர், அப்பெயருடையார் எதிர்நின்றபோது அறிந்திலர். எனினும் நாயனார் முதற்கண்ணே தம் பெயரைக் கூறியிருப்பின், அடிகள் வணங்கியிருப்பாரேயன்றி, அவர் நெஞ்சிற் கிடந்த அன்பின் உறைப்பு அவ்வாறு வெளிப்பட்டிராது. அறியாமையே அங்கே உண்மைக்கு வழிவிட்டது. அயலார் சொல்லின் பயனும் இத்தன்மைத்தே: அவர் நம்மை அஞ்சவேண்டுவதின்று, புகழவேண்டுவதுமின்று.

நம் யாழ்ப்பாணத்திலோ, மடத்திலும் திண்ணையிலும் புகைவண்டியிலும் இருவர் சந்தித்தால், எந்த ஊர், யாருடைய மகன் என்பதே முதல் வினா. அன்பினாற் கேட்பாரும் உளர். சாதியைத் துருவுதற்கே கேட்டவர் அவரினும் பலர் என்பதை மறைத்தலாற் பயனென்னை? விடை கிடைத்தவுடன் கேட்போன் செவி சொல்லை விட்டுச் சொல்லுவோனை நிறுக்கத் தொடங்கும். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளைப் பித்தரென்று கடந்துபோனார் பலர். யோகசுவாமிகளுக்கோ அவரே குருவாயினார்.

இனி, வழியிற் கேட்டதெல்லாம் உபதேசமாகுமோவெனின், ஆகாது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்னும் முறையில் அது முதற்படி மாத்திரமே. வீண்வம்பும் அவ்வழியாகவே வரும். திருவள்ளுவர் கேள்வியை ஓரதிகாரத்தாற் சிறப்பித்தவாறே, பயனில சொல்லுதலைப் பிறிதோரதிகாரத்தாற் கடிந்தமையும் ஆசிரியன்மார் அறிந்ததே.

பள்ளிக்கூடத்திலும் இவ்வாறே. இடாப்பிலே பிள்ளையின் ஊரையும் தந்தையின் தொழிலையும் கண்ட பின்னரே அப்பிள்ளையின் வினாவைக் கேட்கின்றோம். இடாப்புக் கைக்கு வாராத முதனாளில், அதே வினா நம் செவிக்கு வேறாய்ப்பட்டிருத்தலை ஆசிரியன்மாருட் பலர் உணர்ந்திருப்பர்.